எடைப் போட்டியை நிறுத்துங்கள், டீ நேரத்தைக் கவனியுங்கள்: பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கும், எச்.ஆர். பொறுப்பில் இருப்பவர்களுக்கும், கேன்டீன் நடத்துகிறவர்களுக்கும் வணக்கமுங்க.

நான் இந்த ஊரில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறவள். உங்கள் கம்பெனிகளில் நடக்கும் மருத்துவ முகாமில், ரத்தம் எடுக்கும் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆள். அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, மங்கலம் ரோடு என்று எல்லாப் பக்கமும் வந்திருக்கிறேன்.

கொஞ்ச நாளாக ஒரு புதுப் பழக்கம் பரவி வருகிறது. பஞ்சிங் மெஷினுக்கு மேலே ஒரு நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். எடை குறைப்புப் போட்டி, 60 நாளில் அதிகக் கிலோ குறைப்பவருக்குத் தங்கக் காசு, அடுத்தவருக்கு மிக்ஸி. எழுபத்தைந்து கிலோவுக்கு மேல் இருப்பவர்கள்தான் சேர முடியும். ஒரு கம்பெனியில் பார்த்து இன்னொரு கம்பெனி செய்கிறது. தொழிலாளர் நலனுக்கு என்ன செய்கிறீர்கள் என்று பையர், அதாவது சரக்கு வாங்கும் நிறுவனம், கேட்டால் காட்டுவதற்குப் படமும் கிடைத்துவிடுகிறது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தப் போட்டியை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அப்படி ஒரு போட்டியில் முதலிடத்தில் இருந்தவர் ஒரு அயர்னிங் மாஸ்டர். சர்க்கரை நோய்க்கு கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர். காலை டிபனை நிறுத்திவிட்டார், மதியத்துக்கு மோர் மட்டும். மாத்திரையை மட்டும் விடவில்லை. அந்த மாத்திரையின் வேலை, சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பது. பதினொன்றரை மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, ஸ்டீம் அயர்னைக் கையில் பிடித்தபடியே சரிந்துவிட்டார். பக்கத்தில் மடிப்பு வேலையில் இருந்த பெண் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார். உள்ளங்கையில் தீக்காயம். குளுக்கோமீட்டரில் காட்டிய அளவு 48. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்று கணக்கு. அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. போட்டி தொடங்கும்போது யாரும் அவரிடம் மாத்திரை பற்றிக் கேட்கவில்லை. எடையை எழுதிக்கொண்டார்கள், டீ-ஷர்ட் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

எடை குறைவது நல்லதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சரியான முறையில் எடை குறைந்தால் உடம்புக்குள் நடக்கும் மாற்றம் பெரியது. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்தின் டைன்சைடு பகுதியிலும் 306 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. டைரக்ட் ஆய்வு என்று பெயர். ராய் டெய்லர், மைக் லீன் என்ற இரு பேராசிரியர்கள் தலைமையில் நடந்தது, முடிவு 2017 கடைசியில் வெளியானது. சர்க்கரை நோய் வந்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகாதவர்கள், இன்சுலின் போடாதவர்கள். பாதிப் பேருக்குச் சில மாதங்கள் நாளைக்கு எண்ணூற்றுச் சொச்சம் கலோரி மட்டும் கொடுத்து, பிறகு மெல்ல மெல்லச் சாதாரணச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வருடம் கழித்து, அந்தப் பாதியில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை அளவு நோய் வரம்புக்குக் கீழே இருந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களை மட்டும் எடுத்தால் 86 சதவீதம்.

அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர்கள் முதல் நாளே நிறுத்திவிட்டுத்தான் உணவைக் குறைத்தார்கள். நம் ஊர்ப் போட்டிகளில் விடுபட்டுப்போவது அந்த ஒரு வரிதான்.

எடை குறைந்தால் சர்க்கரை ஏன் இப்படி இறங்குகிறது? பையர் ஆர்டரைத் தள்ளிவைத்தால் குடோன் நிறைந்து, பேக்கிங் பெட்டிகள் வராந்தாவுக்கும் மாடிப்படிக்கும் வந்துவிடுமே, நம் கல்லீரலில் நடப்பதும் அதுதான். வேலைக்குத் தேவைப்படாத மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி வைத்துக்கொள்கிறது. தோலுக்கு அடியில் இடமிருக்கும் வரை கொழுப்பு அங்கே போகும். அது நிறைந்த பிறகு கல்லீரலிலேயே தங்கும். கொழுப்பு ஏறிய கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேட்காது. ராத்திரி முழுக்கச் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். ராத்திரி ஒன்றுமே சாப்பிடாமல் படுத்தும் காலையில் சுகர் 150 காட்டுகிறதே என்று உங்கள் மேனேஜர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சர்க்கரை வந்த இடம் கல்லீரல். மிஞ்சிய கொழுப்பு ட்ரைகிளிசரைடாக ரத்தத்தில் சுற்றுகிறது, கணையத்திலும் போய்த் தங்குகிறது. அங்கே இன்சுலின் சுரக்கும் செல்கள் சோர்ந்துபோகின்றன. இதே டெய்லர் குழு 2011இல் 11 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், 600 கலோரி உணவில் ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. கல்லீரல் கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த வாரமே கரைந்திருந்தது.

ஆக, கரைய வேண்டியது கல்லீரலிலும் கணையத்திலும் இருக்கும் கொழுப்பு. வெளியே எத்தனை கிலோ குறைந்தது என்பது அதன் நிழல் மாதிரி, சில சமயம் பொருளோடு ஒட்டாத நிழல். எழுபத்தைந்து கிலோ என்று நீங்கள் போட்ட வரம்பு இங்கேதான் தடுக்கி விழுகிறது.

செக்கிங் பிரிவில் நாள் முழுக்க நின்று பீஸ் பார்க்கும் பெண்களில் ஐம்பது கிலோகூட இல்லாதவர்களுக்கு வெறும் வயிற்றில் 130, 140 என்று வருவதை முகாமுக்கு முகாம் பார்க்கிறேன். கை கால் குச்சி மாதிரி இருக்கும், வயிறு மட்டும் முன்னே வந்திருக்கும். உங்கள் போட்டியில் இவர்களுக்கு இடமே கிடையாது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், இங்கிலாந்தைச் சேர்ந்த அவருடைய நண்பர் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட ஒரு படம் 2004இல் லான்செட் இதழில் வந்தது. இரண்டு பேருக்கும் உயர எடை விகிதம் (பி.எம்.ஐ.) ஒன்றேதான், 22.3. அந்த வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2 சதவீதம். நம் ஆட்களுக்குத் தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். அதனால்தான் உலகம் முழுக்க 25 என்று வைத்திருக்கும் அதிக எடை வரம்பை இந்தியர்களுக்கு 23 ஆகக் குறைத்திருக்கிறார்கள். ஒல்லியானவருக்கும் எடைக்குறைப்பு பலிக்கிறது என்று 2023இல் டெய்லர் குழு மறுபடியும் காட்டியது. விகிதம் 27க்குக் கீழே இருந்த 20 சர்க்கரை நோயாளிகளில் 14 பேருக்கு நோய் பின்வாங்கியது. அவர்கள் குறைத்தது சராசரியாகத் தங்கள் எடையில் ஆறரை சதவீதம்தான். அறுபது கிலோ ஆளுக்கு நாலு கிலோ. தங்கக் காசு வாங்கும் கணக்கில் இது மூன்றாம் பரிசுக்குக்கூட வராது.

எடை மெஷினுக்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன். உங்கள் செக்கிங் மேஜையில் கிடக்கிற இஞ்சு டேப். அதிலேயே தொப்புள் மட்டத்துக்குச் சற்று மேலே, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளக்கச் சொல்லுங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை இஞ்சு. பெண்ணுக்கு 80, அதாவது முப்பத்தொன்றரை. அதற்கு மேலே போனால் கவனிக்க வேண்டும். பேன்ட் சைஸைக் கேட்காதீர்கள். தொப்பைக்குக் கீழே பேன்ட் போட்டுக்கொண்டு "எனக்கு முப்பத்திரண்டுதாங்க" என்று சொல்கிற ஆண்கள் இந்த ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள்.

சரி, போட்டியில் கிலோ கிலோவாகக் குறைகிறதே, அது என்ன? முதல் வாரத்தில் குறைவது பெரும்பாலும் தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் போலத் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோறு நின்றால் அது கரைந்து, தண்ணீரும் போய்விடும். சோறு வந்தால் திரும்பி வரும். அப்புறம் தசை. பட்டினி கிடந்து குறைக்கும் எடையில் நாலில் ஒரு பங்கு போலத் தசையும் சேர்ந்தே போகிறது. பருப்பு, முட்டை இல்லாமல் மோரையும் எலுமிச்சை ஜூஸையும் குடித்துக்கொண்டிருந்தால் இன்னும் அதிகம் போகும். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவில் வாங்கிக்கொள்வது தசைதான். அதைக் கரைத்துவிட்டுச் சுகரைக் குறைக்கப் பார்ப்பது எந்த ஊர்க் கணக்கு? வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் விழும் ஆபத்தும் கூடுகிறது. இறுதி எடை பார்க்கும் நாளுக்கு முந்தின நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்கள், பேதி மாத்திரை போட்டவர்கள் எல்லாம் உண்டு. சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, ஸ்டீம் பாய்லருக்குப் பக்கத்தில்.

போட்டி முடிந்த பிறகு என்ன ஆகிறது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் தொலைக்காட்சியில் நடந்த பிரபலமான எடை குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளர் பரிசோதித்தார். 2016இல் வெளியான அந்த முடிவின்படி, பெரும்பாலோருக்குப் போன எடை பெருமளவு திரும்பிவிட்டது. ஆனால் சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கும் கலோரி, அவர்கள் அளவுக்கு இருக்க வேண்டியதைவிடச் சுமார் 500 குறைவாகவே நின்றுவிட்டது. எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் புது ஊசிகளிலும் இதே தொல்லை ஒரு வகையில் இருக்கிறது. ஊசியை நிறுத்திய ஒரு வருடத்துக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக, செமாகுளூட்டைடு என்ற அந்த வகை ஊசி மருந்தின் ஆய்வில் பார்த்தார்கள். முதலாளிமார் சிலர் இந்த ஊசியில் இருக்கிறீர்கள், அது மருத்துவர் மேற்பார்வையில் நல்ல மருந்துதான், குறை சொல்லவில்லை. ஆனால் லைனில் உட்கார்ந்திருக்கும் ஓவர்லாக் டெய்லருக்கு அது கட்டுப்படியாகாது.

அவருக்குக் கட்டுப்படியாவது என்ன என்று பார்க்க, அவருடைய ஒரு நாளைப் பார்க்க வேண்டும்.

காலை ஐந்தரைக்கு எழுந்து சோறு வடித்து, ஒரு குழம்பு, ஒரு பொரியல். பொரியல் பாதி நாள் உருளைக்கிழங்கு. குழந்தைகளுக்குக் கட்டிக் கொடுத்து, தனக்கு டப்பாவில் அடைத்து, எட்டரைக்குப் பஞ்ச். பல பேர் காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை, பஸ்ஸில் வரும்போது ஒரு பன். பதினொரு மணிக்கு டீ. டீ கேனிலேயே சர்க்கரை கலந்து வரும், வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. கூட ஒரு பப்ஸ் அல்லது தேங்காய் பன். ஒரு மணிக்கு டப்பா. மூன்று கப் சோறு, குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். அரை மணி நேரத்தில் சாப்பிட்டு, டப்பா கழுவி, பாத்ரூம் வரிசையில் நின்று, மெஷினுக்குத் திரும்ப வேண்டும். நாலரைக்கு மறுபடி டீ, வடை. ஒன்றரை ஷிப்ட் என்றால் ராத்திரி எட்டரை ஆகும், நடுவில் ஆறரைக்கு மூன்றாவது டீ, பிஸ்கட். வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிடும்போது பத்து. நல்ல பசி, மிச்சச் சோறு முழுக்க அப்போதுதான். அதே சோற்றைக் காலையில் சாப்பிட்டால் ஏறுவதைவிட, ராத்திரி அந்த நேரத்தில் சாப்பிட்டால் சர்க்கரை கூடுதலாக ஏறும், உடம்பின் கடிகாரம் அப்படி. அப்படியே படுக்கை. சனிக்கிழமை சம்பளம், அன்றைக்குப் புரோட்டா. ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பீகார், ஒடிசா பையன்கள் பாடு இதைவிட மோசம். சோறும் உருளையும் தவிர அவர்கள் சமைப்பதற்கு அடுப்பும் நேரமும் கிடையாது.

ஒரு பேப்பர் கப் டீயில் பத்துக் கிராம் சர்க்கரை என்று குறைவாகவே வைப்போம். வீட்டில் குடிப்பதையும் சேர்த்து நாளைக்கு நாலு டீ என்றால் 40 கிராம். மாதத்தில் 26 வேலை நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல். டீயில் மட்டும்.

இந்த நாளில் அவர் எதைத் தானாகத் தேர்ந்தெடுத்தார்? பதினொரு மணிக்கும் நாலரைக்கும் ஆறரைக்கும் என்ன வர வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். ராத்திரி பத்துக்குச் சாப்பிட வேண்டியிருப்பதும் உங்கள் ஷிப்ட்டால்தான். அவரை எடை மெஷினில் ஏற்றி, நீ குறைத்துக் காட்டு என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம் ஊர்க்காரர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வேலை செய்யும் இடங்களில் பரிசோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். எதுவும் செய்யாமல் விடப்பட்ட பிரிவில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்ட பிரிவில் அந்த ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுத்த பிரிவிலும் ஏறக்குறைய அதே அளவுதான். முக்கியமான விஷயம், சாப்பாட்டைத் திருத்திய பிரிவில் சராசரி எடை குறையவே இல்லை. எடை அப்படியே இருக்க, நோய் குறைந்தது. உங்கள் போட்டியில் கலந்துகொண்டிருந்தால் அவர்கள் எல்லோரும் தோற்றவர்கள்.

ஆகவே நான் கேட்பது டீ கேனில் தொடங்குகிறது. இரண்டு கேன் வையுங்கள், ஒன்று சர்க்கரை போட்டது, ஒன்று போடாதது, பக்கத்தில் ஒரு ஸ்பூன். காசு செலவே இல்லை, மிச்சம்தான். சில பேர் நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டோம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையின் மணம் எனக்கும் பிடிக்கும், ஆனால் ரத்தத்துக்குள் போன பிறகு அதுவும் சர்க்கரையேதான்.

பப்ஸ், பன்னுக்குப் பதிலாகச் சுண்டல். ஆயுத பூஜை அன்று எல்லாக் கம்பெனியிலும் அண்டாவில் சுண்டல் வேகிறது. பாத்திரம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், கை பக்குவம் இருக்கிறது, மற்ற நாளில் மட்டும் ஏன் பேக்கரிக்காரர்? கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, கொள்ளு, வேகவைத்த நிலக்கடலை என்று மாற்றி மாற்றி வைக்கலாம். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பதை நம்பி, கொள்ளு ரசம் குடித்தால் கொழுப்பு உருகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், அப்படி ஒன்றும் உருகாது. அதன் உண்மையான சரக்கு வேறு. நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் போலப் புரதம், நிறைய நார்ச்சத்து, மெதுவாகச் செரிக்கும் மாவு. அறுபது கிலோ ஆளுக்கு நாளைக்கு ஐம்பது கிராம் புரதம் வேண்டும். டப்பாச் சோற்றை நம்பி இருப்பவருக்கு அதில் பாதி வந்தாலே பெரிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இன்டியாப் என்ற சர்க்கரை நோய் ஆய்வு நாடு முழுக்கப் பார்த்ததில் நம்மவர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து. அதில் கொஞ்சத்தைப் பயறுக்கும் முட்டைக்கும் மாற்றிவிடச் சொல்கிறார்கள். ராகிக்கு மாறச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். களி நல்ல சாப்பாடு, ஆனால் அரிசிக்குப் பதில் அதே மூன்று உருண்டை களி என்றால் மாவு மாவுதான். நம் தாத்தாக்கள் களி தின்று பாறையாக இருந்தார்கள் என்றால் கூடவே நாள் முழுக்க ஏற்றம் இறைத்தார்கள்.

ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் ஆறரை மணிக்கு ஒரு அவித்த முட்டையும் ஒரு கப் சுண்டலும் கொடுத்துப் பாருங்கள், முட்டை சாப்பிடாதவருக்குக் கடலை. பெரிய மாற்றம் இங்கேதான் வரும் என்று நினைக்கிறேன். ஆறரைக்கு வயிறு நிறைந்தவர் பத்து மணிக்கு அண்டாச் சோறு சாப்பிட மாட்டார். சாப்பாட்டைக் குறை என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

கேன்டீன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. 2020இல் கொண்டுவந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 100 பேர் என்று ஆக்கியது. என்ன பரிமாற வேண்டும் என்று சட்டம் விவரமாகச் சொல்லாது, அது உங்கள் கையில். இப்போது சோறு அளவில்லாமல், பொரியல் ஒரே ஒரு கரண்டி. அதைத் திருப்பிப் போடுங்கள். பொரியலும் பயறும் கேட்டபடி, முதலில் அதைப் பரிமாறுங்கள், சோறு அப்புறம். காயையும் பருப்பையும் முன்னால் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை குறைவாக ஏறுகிறது. கோயமுத்தூர் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதத்தில் பருப்பின் பங்கைக் கூட்டி வாரத்தில் இரண்டு நாள் போட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சாப்பிட்டவுடன் ஐந்து நிமிடம் நடக்க இடைவேளையை நீட்டுங்கள் என்று கேட்டால் புரொடக்ஷன் மேனேஜர் என்னை முறைப்பார் என்று தெரியும். பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களே எழுந்திருக்க மாட்டார்கள், ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்குக் காசு. அதனால் அந்த ஐந்து நிமிடத்துக்கும் கூலி உண்டு என்று அறிவிக்க வேண்டும். பரிசுக்கு ஒதுக்கிய பணத்தை அதற்குத் திருப்பலாம்.

முகாம்கள் பற்றியும் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்லி ஆட்களைப் பதினொரு மணி வரை உட்கார வைத்து, கடைசியில் பன்னும் டீயும் கொடுத்து அனுப்புகிறீர்கள். ரிப்போர்ட் ஆடிட் ஃபைலுக்குப் போகிறது, சம்பந்தப்பட்டவர் கைக்கு வருவதில்லை. சர்க்கரை என்று தெரிந்தால் ராத்திரி ஷிப்ட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள், சம்பளம் குறையும் என்று பயந்து மாத்திரையை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காகிதத்தை ஒட்டிய கவரில் போட்டு அவரவர் கையில் கொடுங்கள். இன்னொன்று, தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை இல்லாத சர்க்கரையை இருப்பதுபோல் காட்டலாம். ஆகவே முகாம் நடத்துகிற லேபிடம் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரைக்கு வழி இருக்கிறது. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள், ஆனால் அவர்கள் வரும் நேரத்தில் நம் ஆட்கள் கம்பெனியில் இருப்பார்கள். வேலையிடத்துக்கே வரும் தொழிலாளரைத் தேடி மருத்துவம் அதற்காகவே வந்தது. கேட்டைத் திறந்துவிட வேண்டியது மட்டும்தான் உங்கள் வேலை.

ஏற்கெனவே போட்டி அறிவித்துவிட்டவர்கள் ஒன்று செய்யுங்கள். பெயர் கொடுத்தவர்களில் யார் யார் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறார்கள் என்று ஒரு மருத்துவர் தனியாக அழைத்துக் கேட்கட்டும், இந்த வாரமே. கிளிமிபிரைடு வகை மாத்திரையோடு பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் புது வகை மாத்திரை சாப்பிடுகிறவர் சோற்றை அடியோடு நிறுத்தினால், சுகர் சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறி ஆஸ்பத்திரியில் படுக்க நேரிடும்.

எல்லா யூனிட்டிலும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. ஒரே ஒரு யூனிட்டில் மூன்று மாதம் சர்க்கரை போடாத டீ கேனும், சுண்டலும், ஆறரை மணி முட்டையும் நடக்கட்டும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் இடுப்பளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, பிரஷர் நான்கையும் எழுதி வையுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் பார்த்தால் நல்லது. எந்தக் கம்பெனி கூப்பிட்டாலும் வந்து, கேன்டீன்காரரோடு உட்கார்ந்து வாரப் பட்டியல் போட்டுத் தருகிறேன், அதற்குக் கட்டணம் வேண்டாம். கொள்முதல் செய்வதற்கு முன்னால் அவரிடம் ஒரு நாள் பேக்கரி பில்லை மட்டும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், சுண்டல் கணக்கை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
முகாம் மேஜை ஓரத்தில் உட்காரும் உணவு ஆலோசகர்,
திருப்பூர்.